சிவப்புப் புள்ளி விழாத ஆறு நாள்

நடந்ததை வரிசையாக எழுதினால் இவ்வளவுதான்:

1. கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து, அடையாறில் ஒரு டாக்டரம்மாவிடம் தனியாகப் போனேன்.

2. தினமும் காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, கிராஃப் தாளில் குறிக்கச் சொன்னார்.

3. எட்டு மாதம் குறித்தேன்.

4. மூன்றாவது மாதம் என் கணவர் அந்தத் தாளைப் படிக்கத் தனக்கும் கற்றுக்கொடுக்கச் சொன்னார். கற்றுக்கொடுத்தேன்.

5. எட்டு மாதத்தையும் ஒரே தாளில் போட்டு எடுத்து வரச் சொன்னார் டாக்டரம்மா. ஆபீஸில் மத்தியான இடைவேளையில் போட்டேன். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

ஆழ்வார்பேட்டையில் கட்டட வரைபடம் போடும் ஆபீஸில் எனக்கு வேலை. வேலையின் பெயர் டிராஃப்ட்ஸ்மேன். பெண் செய்தாலும் அதே பெயர்தான். கோடு போடுவதும் குறித்துவைப்பதும் பழகிய கை என்பதால், டாக்டரம்மா சொன்னது எனக்குக் கஷ்டமாக இல்லை. மாதத்தின் முன்பாதியில் உடம்புச் சூடு தொண்ணூற்றேழரையை ஒட்டி இருக்கும். கருமுட்டை வெளிப்பட்டதும் அரை டிகிரி போல ஏறி, அடுத்த மாதவிலக்கு வரை அங்கேயே நிற்கும். ஏறிய பிறகு தெரிந்து அந்த மாதத்துக்குப் பயனில்லை. ஏறுவதற்கு முந்தைய ஐந்தாறு நாள்தான் கணக்கு. எனக்கு அநேகமாகப் பதினைந்தாம் நாள் ஏறிவிடும். நாங்கள் சேர்ந்திருந்த நாட்களில் சிவப்புப் புள்ளியும் வைக்க வேண்டும். "வெக்கப்படாம வைம்மா. நீ வைக்கலேன்னா நான் எதைப் பாத்துச் சொல்றது?" என்றார் டாக்டரம்மா. அவருடைய வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆயா, நான் சுருட்டிக் கொண்டுபோன தாளைப் பார்த்து, "இன்னாம்மா, ஊடு கட்றியா?" என்று கேட்டதும் நான் சிரித்ததும் நினைவிருக்கிறது.

மயிலாப்பூரில் எங்கள் போர்ஷனில் ஒரு கூடம், ஒரு அறை. கூடத்தில் மாமியார் படுப்பார். நாலரை மணிக்கு அவர் எழுந்துவிடுவார். நானும் எழுந்துவிட வேண்டும். தெர்மாமீட்டரை வாயில் வைத்து அசையாமல் படுத்திருக்கும் அந்த ஐந்து நிமிஷத்தில் கதவுக்கு வெளியே குரல் வரும். "வாயில கண்ணாடிக் குச்சிய வெச்சுண்டு படுத்துண்டிருந்தா வாசல்ல கோலம் தானா விழுமா?" என்னால் வாயைத் திறக்க முடியாது. என் கணவர்தான் எனக்காக, "அஞ்சு நிமிஷம் இரும்மா, வாசல் எங்கயும் ஓடிப்போயிடாது. நோக்கென்ன அவசரம்?" என்பார். தெர்மாமீட்டரை வாங்கி விளக்குப் பக்கம் திருப்பி, "தொண்ணூத்தேழு புள்ளி நாலு" என்று படித்துச் சொல்வார். பிறகு உதறி, உறையில் போட்டு வைப்பார். அவ்வளவு அக்கறை.

மாதாமாதம் நான் கொல்லைப்புறம் ஒதுங்கி உட்காரும் மூன்று நாளும் வெறும் வயிற்றில் மலைவேம்புச் சாறு குடிக்க வேண்டும் என்பது மாமியாரின் வைத்தியம். அரைத்துப் பிழிந்து, டம்ளரை எட்டத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். "மூக்கைப் பிடிச்சுண்டு குடி. கோவிலுக்குப் போனா ஒவ்வொருத்தியும் விசேஷம் உண்டாங்கறா. நேக்குப் பதில் சொல்லி மாளலை. மலட்டு மாட்டுப்பொண்ணை வெச்சுண்டு என்னத்தைச் சொல்றது?" அந்தச் சாற்றின் கசப்பு சாயங்காலம் வரை தொண்டையில் நிற்கும். இலையை மாட வீதியிலிருந்து வாங்கி வருபவர் என் கணவர். ஒரு மாதம் கூட மறந்ததில்லை.

குறை எங்கே என்று நான் தேடாத இடமில்லை. தெர்மாமீட்டரைச் சந்தேகப்பட்டு, புதிதாக இன்னொன்று வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தேன். என் கர்ப்பப்பையைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் ஜாதகத்தைக்கூட.

அன்று மத்தியானம் கீழே விளக்கு வைத்த கண்ணாடி மேஜையில் டிரேசிங் தாளை விரித்து, சூடு ஏறிய நாள் ஒன்றின்மேல் ஒன்று விழும்படி எட்டு மாதத்தையும் பதித்தேன். முதல் இரண்டு மாதத்தில் சிவப்புப் புள்ளிகள் இங்கும் அங்குமாகச் சிதறியிருந்தன. இரண்டு புள்ளிகள் சரியான நாட்களிலேயே விழுந்திருந்தன. பிந்தைய ஆறு மாதத்தில் ஏற்றத்துக்கு முந்தைய ஆறு நாளில் ஒரு புள்ளிகூட இல்லை. ஏற்றம் முடிந்த பிறகு ஏராளம். அந்த ஆறு நாட்களின் ஓரத்தில் என் கையெழுத்தில் 'டூர்', 'டூர்', 'தலைவலி', 'டூர்' என்று இருந்தது. டூர் தேதியை என் கணவர் தன் ஆபீஸில் தானே போட்டுக்கொள்ளலாம். ஆறு மாதமும் தற்செயல் என்று சொல்லிப் பார்த்தேன். கட்டடத்தில் இப்படி ஆறு தூண் ஒரே கோட்டில் நின்றால், யாரோ கோடு போட்டு நிறுத்தியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். தாளைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன்.

வீட்டில் பேச இடமில்லை. சாயங்காலம் அவரை லஸ் பக்கத்துப் பூங்காவுக்கு வரச் சொல்லி, பெஞ்சில் தாளை விரித்தேன். படிக்கக் கற்றுக்கொடுத்தவளே நான்தான், விளக்க வேண்டியிருக்கவில்லை. ஓரத்தில் இருந்த 'டூர்'களின் மேல் விரலை ஓட்டினார்.

"கொழந்தை வேணும்னுதான் கத்துண்டேன், சத்தியமா," என்றார். "அந்த மாசம் நாள் கிட்ட வர வர, அக்கா கத்தினதுதான் காதுல கேட்டுது. டூர் போட்டுண்டேன். அடுத்த மாசம் சுலபமாயிடுத்து."

அவருடைய அக்கா தலைப்பிரசவத்தில் இறந்தது எனக்கு அன்றுதான் தெரியும். பிரசவ அறைக்கு வெளியே பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. வீட்டில் அக்காவின் படம் இல்லை. பேரையும் யாரும் எடுப்பதில்லை.

"பயந்தேள். சரி," என்றேன். "இலையை எதுக்கு வாங்கிண்டு வந்தேள்?"

"வாங்கலேன்னா அம்மா ஏன்னு கேப்பா."

பயத்தை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. இந்தப் பதிலை இன்றுவரை முடியவில்லை. மலடி என்ற சொல் என் மேல் விழுந்தபோதெல்லாம் அவர் நாலடி தூரத்தில் சவரம் செய்துகொண்டிருந்திருக்கிறார். நான் பிள்ளைக்காகப் போட்ட கோடு, பிள்ளை வராமலிருக்க அவருக்குப் பயன்பட்டிருக்கிறது.

இரண்டு காரியம் கேட்டேன். அம்மாவிடம் அவரே சொல்ல வேண்டும். என்னுடன் டாக்டரம்மாவிடம் வர வேண்டும்.

முதலாவதைச் செய்தார். மாமியார் கடைசிவரை கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, "இனிமே அந்தச் சாறு வேண்டாம்" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

இது நடந்து பதினான்கு மாதமாகிறது. டாக்டரம்மாவிடம் மூன்று தடவை நாள் வாங்கினேன். மூன்று தடவையும் என் கணவர் வெளியூர் போய்விட்டார். தெர்மாமீட்டர் வைப்பதை நிறுத்திவிட்டேன். எனக்கு இருபத்தெட்டு வயது. என் உடம்பில் குறை எதுவும் இல்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை.