என்மேல் நானே எழுதிய மனு

ஆம்பூர்ப் பள்ளிக்கூடத்தில் ஆறு வாத்தியார்கள் இருந்தார்கள். நாற்காலி நாலுதான் என்பதால் இரண்டு பேர் எப்போதும் வெற்றிலை வாங்கப் போயிருப்பார்கள். அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமமொன்றில் ஐந்து வகுப்புக்கும் நான் ஒருவன்தான். தோல் மண்டி நாற்றம் குடலைப் பிடுங்கும் ஊர் ஆம்பூர். ஆனாலும் என் மனைவியும் கைக்குழந்தையும் அங்கே இருந்தார்கள். கிராமத்துக்கு வரமாட்டேன் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எப்படியாவது மாற்றல் வாங்கியாக வேண்டும்.

அதற்காக நான் செய்த முட்டாள்தனம், ஒழுங்காக வேலை பார்த்தது. தோல் பதனிட ஆவாரம்பட்டை உரிக்கப் போன பிள்ளைகளைக் காட்டிலிருந்து இழுத்துவந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் மகிழ்ந்துபோய், இவரை இங்கிருந்து மாற்றவே கூடாது என்று எழுதிவிட்டுப் போனார். பாவி! எனக்கு முன்னால் இருந்தவர் மூன்று வருஷம் வகுப்பில் குறட்டை விட்டார். அவர்மேல் ஊரார் கைநாட்டு வைத்த மனு ஒன்று போனது. தண்டனையாக அவரை ஆம்பூருக்குத் தூக்கியடித்தார்கள். ஊரில் ஒருவருக்கும் எழுதத் தெரியாதே, மனுவை யார் எழுதியது? சாட்சாத் அவரேதான்.

எனக்கும் புத்தி வந்தது. உட்கார்ந்து எழுதினேன்: வாத்தியார் தூங்குகிறார், பிள்ளைகளை அடிக்கிறார், சாராயம் குடிக்கிறார். சாராயம் கொஞ்சம் ஜாஸ்திதான், கை ஓடிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு இரண்டாவது வாத்தியார் வேண்டும் என்று கேட்கும் மனு என்று சொல்லி ஊராரைக் கூப்பிட்டேன். சந்தோஷமாக வந்தார்கள்.

முதலில் வந்த குடியானவர் கட்டைவிரலில் மை தடவிக்கொண்டு, ஐந்தாம் வகுப்பில் படிக்கும் தன் மகளிடம், "இன்னா எழுதியிருக்குன்னு படிம்மா" என்றார். நான் பிடுங்குவதற்குள் ஆரம்பித்துவிட்டாள். ஓர் இடத்திலும் தடுக்கவில்லை, சாராயம் வரைக்கும் கணீரென்று படித்தாள். மானம் போய்க்கொண்டிருந்த அந்த நேரத்திலும், இவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான் என்று உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"போன வாத்தியாரும் ரெண்டாவது வாத்தியாருக்குத்தான்னு சொன்னாரு. அப்ப படிச்சுச் சொல்ல எங்க வூட்ல ஆளில்ல."

அந்தக் காகிதத்தை நானே கிழித்தேன். புதுக் காகிதத்தில் இரண்டாவது வாத்தியார் கேட்டு எழுதினேன். அவள் முழுக்கப் படித்துச் சரி என்ற பிறகுதான் ஒவ்வொருவராகக் கைநாட்டு வைத்தார்கள். என் மாற்றல் போச்சு. அதை மனைவிக்கு எப்படி எழுதுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.