எதில் கரைக்க வேண்டும்

சோதனைத் தட்டில் என் மருந்து விட்ட குழி வரிசைகள் எல்லாமே ஊதாவாக இருந்தன. உயிரோடிருக்கும் செல்களின் மேல் ஒரு சாயத்தை விட்டால் ஊதாவாக மாறும். செத்த செல்கள் மாறாமல் வெளிறிக் கிடக்கும். அதாவது, புற்றுநோய்ச் செல்கள் மூன்று வருடம் நான் உயிரைக் கொடுத்துச் செய்த பொருளைக் குடித்துவிட்டு ஜம்மென்று இருந்தன.

என் ஆராய்ச்சியை மேற்பார்வையிடும் சார் அந்தத் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். மயிலாப்பூர்க்காரர், கோபத்தைக்கூட மெதுவாகத்தான் பேசுவார்.

"இத பாரும்மா, பத்து நாள்ல பி.எச்டி. கமிட்டி. தலைப்ப மாத்திக்கறேன்னு நீயே சொல்லிடு. உனக்கு முன்னால இந்த இடத்துல இருந்தாளே, அவளுக்கும் இதேதான் ஆச்சு. ஒண்ணும் வரலைன்னு தெரிஞ்சதும் சமத்தா விட்டுட்டுப் போயிட்டா. நீ ஏன் பிடிச்சுண்டு நிக்கறே?"

பிடித்துக்கொண்டு நிற்பதுதான் சார் என் ஆராய்ச்சியே என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். தலைப்பை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு மிச்சம் இருந்தது இரண்டே வருடம். அதற்குள் புதிதாக ஒன்றைச் செய்து முடிப்பது நடக்காத காரியம் என்று அவருக்கும் தெரியும்.

நான் செய்வது லிகண்ட். பள்ளிப் புத்தகத்தில் ஈனி என்று இருக்கும், லேபில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. நடுவில் ஒரு பிளாட்டினம் அணு. அதைச் சும்மா விட்டால் உடம்பில் கண்டதையும் போய்ப் பிடிக்கும். சுற்றிலும் நின்று அதைப் பிடித்திருக்கும் மூலக்கூறுதான் லிகண்ட். எதுவரை கெட்டியாகப் பிடிப்பது, எங்கே போய்க் கையை விடுவது என்பதெல்லாம் லிகண்டைப் பொறுத்தது. மருந்துக்குப் பெயர் வைக்கும்போது எல்லாரும் உலோகத்தைத்தான் கொண்டாடுவார்கள். வேலை பார்ப்பதென்னவோ லிகண்ட். பதினோரு படி தாண்டி நான் செய்த லிகண்டும் பிளாட்டினமும் சேர்ந்து அழகான மஞ்சள் பொடியாக வந்தன.

தி.நகர் வீட்டில் அப்பா காலையில் ஜவுளிக்கடைக்குக் கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்பார். சென்னைக்கு வந்து முப்பது வருடமாகியும் நெல்லைப் பேச்சு அவரை விடவில்லை.

"ஏட்டி, உன் பொடி கொன்னுச்சா?"

"இல்லப்பா."

"அப்போ கொண்டாந்து குடோன்ல வையி. எலித் தொல்ல தாங்க முடியல."

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்குச் சுர்ரென்று ஏறியது. டிபனைப் பாதியில் விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். நேரே அடையாறில் இருந்த செல் வளர்க்கும் லேபுக்குப் போனேன். அங்கே எங்கள் சாம்பிள்களை எல்லாம் சோதிப்பவர் நொச்சிக்குப்பத்து அம்மா ஒருவர். சுத்தத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"இன்னாமா, காலங்காத்தால வந்து நிக்கிற?"

"என் சாம்பிள எப்டி டெஸ்ட் பண்ணீங்கன்னு பாக்கணும்மா."

"ஐய, என்மேல சந்தேகமா? நீ எழுதிக்குடுத்தபடிதான் பண்ணிகீறேன். இந்தா பாரு."

அவர் அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டிய என் சாம்பிள் குழாயில் திரவம் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருந்தது. லேசான மஞ்சள்கூட இல்லை. கூடவே நான் பூர்த்தி செய்து கொடுத்த ஃபாரத்தையும் நீட்டினார். 'எதில் கரைக்க வேண்டும்' என்ற கட்டத்தில், என் கையெழுத்தில், டி.எம்.எஸ்.ஓ. என்று இருந்தது.

ஐயோ என்று வாய்விட்டே கத்திவிட்டேன்.

தண்ணீரில் கரைய அடம்பிடிக்கும் பொடிகளை டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவம் நொடியில் கரைத்துவிடும். அதனால் எங்கள் லேபில் எல்லாருமே அந்தக் கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு அதை எழுதுவோம். செல் வளர்ப்பவர்களுக்கு அது வெறும் கரைப்பான். பிளாட்டினத்துக்கோ அதுவே ஒரு லிகண்ட். அதிலுள்ள கந்தகம் பிளாட்டினத்தைக் கண்டால் விடாது, ஏற்கெனவே பிடித்திருப்பதைத் தள்ளிவிட்டுத் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். எம்.எஸ்ஸி. பரீட்சையில் இது பத்து மார்க் கேள்வி. நான் எழுதி பத்துக்கு ஒன்பது வாங்கியிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட நானே என் லிகண்டைக் கழற்றும் திரவத்தைக் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறேன். செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

லேபுக்குத் திரும்பி ஒரு சிட்டிகைப் பொடியை அதே திரவத்தில் போட்டு மேசையில் வைத்தேன். சாயங்கால டீ வருவதற்குள் மஞ்சள் போய்விட்டது. கருவியில் வைத்துப் பார்த்தால் என் லிகண்ட் தனியாகக் கழன்று மிதந்துகொண்டிருந்தது. வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு சாரிடம் ஓடினேன்.

"இன்னொரு தடவ டெஸ்ட் பண்ணணும் சார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணில ஒரு மணி நேரம் குலுக்கினா கொஞ்சம் கரையுது. அது போதும்."

"கமிட்டிக்கு எட்டு நாள்தான் இருக்கும்மா."

"டெஸ்ட் பண்ணாம தலைப்ப மாத்த மாட்டேன் சார். அப்படி எழுதின பேப்பர்ல கையெழுத்தும் போட மாட்டேன்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சம்மதம் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

செல் லேபுக்குக் கிளம்பும்போதுதான் ஈரம் புகாத கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டில் இருந்த அந்தப் புட்டி கண்ணில் பட்டது. எனக்கு முன் என் இடத்தில் இருந்த அக்காவின் பிளாட்டினப் பொடி. நான் சேர்ந்தபோது ஒரு வாரம் எனக்கு எல்லாம் காட்டிக்கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனவர். அவருடைய ஃபாரத்தைத் தேடி எடுத்தேன். அதிலும் அதே கட்டத்தில் அதே டி.எம்.எஸ்.ஓ. அந்தப் புட்டியையும் பையில் போட்டுக்கொண்டேன்.

"ரெண்டா? ஒண்ணுதான சொன்ன?" என்றார் அந்த அம்மா.

"இன்னொண்ணு வேற ஒருத்தங்களோடதும்மா."

"சரி குடு. கொலுக்கறது உன் வேல."

கை மரத்துப்போகும்வரை குலுக்கினேன். ஒரே சோதனையை மூன்று தட்டில் வைத்தோம். சாயம் விட்டுக் காத்திருந்து மூடியைத் திறந்தபோது மூன்றிலும் ஒரே விடைதான். அக்காவின் வரிசைகள் வெளிறிக் கிடந்தன. என் வரிசைகள் ஊதா. நல்ல கத்திரிக்காய் ஊதா.

அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும்? அந்த அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு என் முதுகைத் தட்டினார். "அழுவாத. இப்பயாச்சும் உண்ம தெரிஞ்சிச்சில்ல" என்றார்.

கமிட்டிக்கு முன்னால் சார் என்னைத் தனியாக அழைத்து, "கரையறதுல ஒரு சின்ன சிக்கல்னு சொல்லிக்கோ. நம்ம லேப் மானம் போயிடும்" என்றார். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன். திரையில் முதல் படமாக என் ஃபாரத்தைத்தான் போட்டேன், அந்தக் கட்டத்தைச் சிவப்பில் வட்டமிட்டு.

"இத எழுதினது நான். தப்பு என்னுது. ஆனா என் ஒருத்தியோடது மட்டும் இல்ல. உலோகம் இருக்கற சாம்பிள் எத்தனையோ இப்படிக் கரைச்சு, வேஸ்ட்னு தூக்கி வச்சிருக்கோம். இந்தக் கட்டத்த மாத்தணும்."

"அப்போ உங்க தலைப்பு?" என்றார் ஓர் உறுப்பினர்.

"என்னுது ஒழுங்கா கரைச்சும் வேல செய்யல சார். மாத்திக்கறேன். தீசிஸ்ல முதல் அத்தியாயம் மட்டும் இந்தத் தட்டுங்கதான். அத எடுக்கச் சொன்னா எடுக்க மாட்டேன்."

யாரும் எடுக்கச் சொல்லவில்லை. வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டேன். கோபாலபுரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"அக்கா, உங்க பொடி கொன்னுடுச்சு."

நடந்ததையெல்லாம், சார் சொன்னது உட்பட, ஒன்றுவிடாமல் கொட்டினேன்.

"மூணு வருசம்டி. லிகண்ட் பாடம் வரும்போதெல்லாம் பசங்க மூஞ்சிய பாக்காம அந்தப் பக்கத்த வேகமா தள்ளிட்டு ஓடியிருக்கேன். எனக்கு மூளை பத்தலன்னு நெனச்சேன்." மூக்கை உறிஞ்சினார். "என் லேப் நோட்டு எங்க?"

"என் டிராயர்லதான்கா."

சனிக்கிழமை அக்கா வந்தார். சாருக்கு உண்மையிலேயே சந்தோஷம். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாம்மா, வா! இத ஜர்னல்ல பேப்பரா போட்டுடலாம். நீ அலையாதே, இவளே எழுதிடுவா" என்றார்.

அக்கா உட்காரவில்லை.

"சமத்தா விட்டுட்டுப் போயிட்டேன்னு சொன்னீங்களாமே சார். அந்தச் சமத்தெல்லாம் போயிடுச்சு. எழுதப் போறது நான். பேப்பர்ல மொதல் பேரும் என்னுதுதான்."

பிறகு நேரே என் இடத்துக்கு வந்து டிராயரை இழுத்தார். நான் எழுந்து என் நாற்காலியை அவரிடம் கொடுத்தேன்.