பிரிக்க முடியாத நூற்பட்டியல்

திருவாடானைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ராமநாதபுரத்துக்குத் தினமும் பஸ்ஸில் வரும் மாரிச்செல்வி, எங்கள் கல்லூரியின் தற்காலிக நூலகர். நூற்பட்டியலைக் கணினியில் ஏற்றி முடித்தால் வேலை நிரந்தரம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. அவளுடைய அய்யாவும் அம்மாவும் கூலிக்கு மிளகாய் பறிப்பவர்கள். அந்த வீட்டில் மாதச் சம்பளம் என்று பார்த்தது அவளுடையதைத்தான்.

அதற்கு மென்பொருள் எழுதித் தர ராம்குமாரைச் சிபாரிசு செய்தவளும் அவளே. அதே ஊர்க்காரன், பள்ளிக்கூடக் காலத்துத் தோழன். நூலகங்கள் தங்களுக்குள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ள ‘மார்க்’ என்று ஒரு பொது வடிவம் உண்டு. தலைப்பு, ஆசிரியர், பதிப்பாண்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனி எண். எந்த நூலகத்துக் கணினியும் படித்துக்கொள்ளும்.

“அந்த வடிவத்துல வெளிய எடுக்க முடியுமாலே?” என்று அப்போதே கேட்டாள்.

“ஒரு பட்டன அமுக்குனா வந்துரும் செல்வி. ஒங்கிட்டப் போயி பொய் சொல்வனா?”

நம்பினாள். வருடக்கணக்கில் ஒவ்வொன்றையும் அதனதன் கட்டத்தில் பார்த்துப் பார்த்து அடித்தாள். இணையாசிரியர் பெயர் ஒன்று விட்டுப்போனால் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வருவாள். நாங்கள் கேலி செய்வோம்.

பல்கலைக்கழகம் எல்லாக் கல்லூரிகளின் பட்டியலையும் மார்க் வடிவத்தில் கேட்டது. பட்டனை அமுக்கினாள். வந்த ஃபைலில் தலைப்பும் ஆசிரியரும் ஆண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. திரையில் இருந்த கட்டங்கள் பார்வைக்கு மட்டும்தான். உள்ளே எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டி வைத்திருந்தான் பாவி.

கல்லூரி நிர்வாகக் கமிட்டி அவனை வரவழைத்தது. அவள் பக்கம் திரும்பாமலே சொன்னான்: “சாப்ட்வேர்ல குறை இல்ல சார். மேடம்தான் எல்லாத்தையும் ஒரே கட்டத்துல அடிச்சிட்டாங்க.”

அவள் திரையைத் திறந்து காட்ட எழுந்தாள். “உக்காரும்மா” என்றார்கள். கணினிக்காரன் சொன்னால் அவர்களுக்கு வேதவாக்கு. நிரந்தர ஆணை நின்றுபோனது. மொத்தத்தையும் முதலிலிருந்து அடிக்கச் சொன்னார்கள்.

வாசலில் மறித்தாள். “ஏலே, நான் எப்படி அடிச்சேன்னு ஒனக்குத் தெரியும்ல?”

“தெரியும் செல்வி. நீ இன்னொரு வாட்டி அடிச்சுக்கிறலாம். எம்பேரு கெட்டா எவன் எனக்கு ஆர்டர் குடுப்பான்?”

அன்று உடைந்து அழுதாள். அந்நியன் என்றால் திட்டித் தீர்த்துவிடலாம். கூடவே வளர்ந்தவன் கழுத்தறுத்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

போன வாரம் வேறொரு கல்லூரியின் நூலகர், உமையாள் என்பவர், போன் செய்தார். “ராம்குமார் சாப்ட்வேர் வாங்கப் போறோம்மா. விசாரிக்கிறதுக்கு ஒங்க பேரத்தான் குடுத்தாரு.”

மாரிச்செல்வி சொன்னாள்:

“வாங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு புத்தகத்த உள்ள ஏத்துங்கக்கா. ஒங்க கமிட்டிய எதுக்க உக்கார வச்சு, அத மார்க் வடிவத்துல அவன வெளிய எடுத்துக் காட்டச் சொல்லுங்க.”