நரித்திட்டில் கட்டிய எருமை

கொள்ளிடத்தின் நடுவே, கூப்பிட்டால் கேட்காத தூரத்தில், நரித்திட்டு இருக்கிறது. அரை மைல் நீளம். வெள்ளம் கொண்டுவந்த வண்டலைக் கருவேலமரங்கள் பிடித்துவைத்து, மேற்கு முனை மேடாகிவிட்டது. கிழக்கே போகப்போகத் தாழ்ந்து, நாணலும் குட்டை மரங்களுமாகி, கடைசியில் வெறும் மணலாக ஆற்றுக்குள் இறங்கிவிடும். மனிதர் குடியில்லை. நரி, உடும்பு, நீர்நாய், கோடையில் மணலில் முட்டையிடும் ஆலாப் பறவைகள், அவ்வளவுதான். எங்கெங்கோ தீவுகளுக்குப் படகேறிப் போன நான், வீட்டெதிரே இருக்கும் இதில் கால்வைத்தது இந்த வருஷம்தான், அங்கே எருமை மேய்க்கும் வைரக்கண்ணு அக்காவோடு.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆண்டிமடத்து முந்திரிக்காட்டுப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்தவர். நீச்சல் தெரியாது. கல்யாணமான வருஷம் எருமை வாலைப் பிடித்துக்கொண்டு திட்டுக்குப் போனார், இன்றுவரை அப்படித்தான். கணவர் அங்கமுத்து கரையோடு சரி. தண்ணீர் முழங்காலைத் தொட்டால் வேட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவார்.

பால்மாடுகள் மாலையில் அக்காவோடு கரைக்கு வரும். சினைமாடு திட்டிலேயே தங்கும். அங்கே எதையும் கட்டுகிற வழக்கமில்லை. தண்ணீர் ஏறினால் எருமைகள் தாமாகவே மேட்டுக்குப் போய்விடும். ஆனால் நிறைசினையாக இருந்த வளைகொம்பி, எதிர்க்கரை வாழைத்தோப்புக்கு நீந்திப் போய் இரண்டு முறை அடிவாங்கியிருந்தது. அதனால் ஆடி மாதத்தில் ஒருநாள் அக்கா அதைக் கிழக்கு மணலில் முளையடித்துக் கட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் விடிந்ததும் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து, மேலே அணையில் தண்ணீர் திறந்தாயிற்று, யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று சொல்லிப் போனார்கள். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது கிழக்கு மணலே இல்லை. நாணல் நுனிகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

"நாணல்ல நிக்கிற மரத்துல கட்டுன்னு சொன்னேன். மணல்ல முளை நிக்காதுன்னு சொன்னேன். கேட்டியா?" என்றார் அங்கமுத்து.

"கல்லால அடிச்சு முழங்கை ஆழம் எறக்கிட்டேன். முளை நின்னுடுச்சோன்னுதான் நான் பயந்துட்டு நிக்கிறேன்" என்றார் அக்கா.

பரிசல்காரர்கள் வரமாட்டோம் என்றுவிட்டார்கள். நான் வீட்டுக்கு ஓடி பைனாகுலரை எடுத்துவந்தேன். முதலில் கிழக்கே பார்த்தேன். தண்ணீர்தான். பிறகு மேட்டைப் பார்த்தேன்.

"நரி உக்காந்திருக்குக்கா. பக்கத்துலயே ஒரு உடும்பு. சண்டையே இல்ல."

"நரியை வுடு பாப்பா, எருமையப் பாரு!"

கருவேலமரத்துக்குப் பின்னால் ஒரு கறுப்பு முதுகு அசைந்தது. வளைந்த கொம்பு. கழுத்தில் கயிறு, கயிற்று நுனியில் முளை.

"நிக்குதுக்கா! முளையோட நிக்குது!"

அக்கா பைனாகுலரைப் பிடுங்கித் தலைகீழாக வைத்துக்கொண்டு, "அய்யய்யோ, எட்டப் போயிடுச்சே!" என்றார். நேராகத் திருப்பிக் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு அப்படியே கரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தண்ணீர் ஏறியதும் மணல் இளகி, முளை தானாகவே எழும்பியிருக்கிறது.

"மணல்ல முளை நிக்காதுன்னு அப்பவே சொன்னேனா இல்லையா?" என்று அங்கமுத்து நெஞ்சை நிமிர்த்தினார்.

"மரத்துல கட்டச் சொன்ன மகராசனும் நீங்கதான்."

ஐந்தாம் நாள் தண்ணீர் வடிந்தது. வளைகொம்பி மேட்டிலேயே கன்று போட்டிருந்தது. அக்கா கன்றை மடியில் வைத்துக்கொண்டு பரிசலில் வந்தார். தாய் பின்னாலேயே நீந்திவந்தது. அங்கமுத்து இறங்கிப்போய் இரண்டு கையாலும் கன்றை வாங்கினார். தண்ணீர் இடுப்பைத் தாண்டியிருந்தது. வேட்டியைத் தூக்க மறந்துவிட்டார்.