முட்டை போடாத நத்தார்

வெள்ளைக்காரன்ர சண்டையில, சித்திரை மாதம் துறைமுகத்தில குண்டு விழுந்த அண்டைக்கு வீட்டை விட்டு ஓடேக்க நான் மூண்டு சாமான்தான் கையில எடுத்தனான்: செபமாலை, கேக் கொப்பி, முன்வீட்டு அக்காவின்ர பித்தளைத் தட்டம். என்ர மனிசன் இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார். "ஊர்ச்சனம் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு ஓடுது, இவ இருபத்தைஞ்சு முட்டையைப் பிடிச்சுக்கொண்டு ஓடினவ" எண்டு. கொப்பியில முதல் வரியே அதுதான்: இருபத்தைஞ்சு முட்டை, மஞ்சள் கரு மட்டும். கலியாணத்துக்கு முதல் நான் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டுக் குசினியில வேலை செய்தனான். துரைசாணி புத்தகத்தைப் பாத்துச் சொல்லச் சொல்ல, தமிழில எழுதி எடுத்த கொப்பி அது.

தட்டத்தின்ர கதை வேற. எங்கட வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில போய்வந்தது அந்த ஒரு தட்டம்தான். தைப்பொங்கலுக்கு அக்கா அதில பொங்கல் வைச்சு அனுப்புவா. பிறகு அது எங்கட அலுமாரியில இருக்கும். மார்கழியில நத்தாருக்கு கேக்கோட அவ வீட்டை திரும்பிப் போகும். வெறுந்தட்டம் ஒருக்காலும் படலை தாண்டினதில்லை.

குண்டு விழுந்த அண்டைக்கு துறைமுகத்துக்கு வேலைக்குப் போன அக்காவின்ர மனிசன் குண்டில செத்துப்போனார். நாங்கள் கந்தளாய்க்குப் போய்ச் சேந்து அடுத்த நாளே கேள்விப்பட்டனாங்கள். திரும்பிப் போயிருக்கலாம். பயத்தில போகேல்லை. நல்லதுக்குப் போகாட்டிலும் கெட்டதுக்குப் போகவேணும் எண்டு சும்மாவே சொல்லினம்? முப்பத்தொராம் நாள் அந்தியேட்டியும் முடிஞ்சு, மூண்டு மாதத்தாலதான் வந்தனான். அக்கா வாசல் முத்தம் கூட்டிக்கொண்டு நிண்டவ. என்னைக் கண்டா. விளக்குமாறைச் சாத்திப்போட்டு உள்ளுக்குப் போய்க் கதவைப் பூட்டினா. அதுக்குப் பிறகு எங்களுக்குள்ள ஒரு கதை இல்லை. அவவில நான் பிழை சொல்லமாட்டன்.

நத்தார் கிட்ட வர நான் முடிவெடுத்திட்டன். அந்தத் தட்டம் போகத்தான் வேணும். அவ அதை என்ர முகத்தில எறிஞ்சாலும் பரவாயில்லை, இந்த வருசம் அது அலுமாரியில கிடக்கப்படாது. சண்டையால மா இல்லை, பட்டர் கண்ணிலயும் இல்லை, சீனி கூப்பனுக்கு அளந்துதான். நான் விடுவனோ? பாலையூற்றுக்கு நாலுதரம் நடந்து ஆறு முட்டை சேத்தனான். பின்னேரத்தில கொப்பியை விரிச்சுவைச்சு, ஆறு முட்டைக்கு ரவை எவ்வளவு, பிளம்ஸுக்குப் பதிலா என்ன போடலாம் எண்டு படிச்சுக்கொண்டிருப்பன். "கொப்பியைக் கரைச்சுக் குடியுமப்பா, பசி தீரும்" எண்டு மனிசன் பகிடி விடுவார்.

நத்தாருக்கு முதல்நாள் காலமை முட்டையை உடைக்கக் கையில எடுத்தனான். அவர் தேத்தண்ணியோட குசினி வாசலில நிண்டவர்.

"இஞ்சாரும், அக்கா, மனிசன் செத்து வருசம் திரும்புமட்டும் மச்சம் மாமிசம் தொடமாட்டாவெல்லே?"

"கேக்கில எங்கயப்பா மச்சம்?" எண்டு பாய்ஞ்சன். சொல்லி வாய் மூட முதல் கையில இருந்த முட்டையைப் பாத்தன். ஐயோ, என்ர மாதாவே! வருசா வருசம் அவ ஆசையாச் சாப்பிட்ட கேக் எண்டதால எனக்கு அது மூளையிலயே ஏறேல்லை. செத்தவீட்டுக்குப் போகாதது காணாதெண்டு, துக்கம் காக்கிற மனிசிக்கு முட்டையைக் கொண்டுபோய் நீட்டியிருப்பன்.

கொப்பியை முன்னும் பின்னும் புரட்டினன். முட்டை இல்லாத பக்கம் ஒண்டும் இல்லை. எனக்கு வந்த கோவத்தில அதை அலுமாரிக்கு மேல எறிஞ்சுபோட்டு, "தேங்காய் துருவுங்கோ" எண்டன்.

"எத்தினை?"

"நான் காணும் எண்டு சொல்லுமட்டும்."

தொதல் கிண்டக் கொப்பி தேவையில்லை. பச்சையரிசி மா, தேங்காய்ப்பால், குச்சவெளியில இருந்து வந்த பனங்கட்டி. தாச்சியில ஊத்திக் கிண்டத் தொடங்கினால் கை விடேலாது, விட்டால் அடிப்பிடிக்கும். இருட்டின பிறகு நெருப்பு வெளிச்சம் மேல பிளேனுக்குத் தெரியப்படாது எண்டு கண்டிப்பான கட்டளை. அதால பொழுதுபட முதல் இறக்கவேணும். நான் கொஞ்சம், அவர் கொஞ்சம் எண்டு மாறி மாறிக் கிண்டினனாங்கள். எனக்குத் தோள்மூட்டு கழண்டுபோச்சு.

"இந்தப் பதத்தில இறக்குவமே?" எண்டு கெஞ்சினார்.

"ஏலாது. எண்ணெய் கக்கவேணும்."

கக்கினது. சூரியன் விழ முதல் தட்டத்தில கொட்டித் தட்டி, நாலு கஜுவும் பதிச்சனான்.

அடுத்த நாள் பூசை முடிஞ்ச கையோட, உடுத்த சீலையோட அக்காவின்ர படலையடியில போய் நிண்டு கூப்பிட்டன். அக்கா வெளியில வந்தா. நல்லா மெலிஞ்சுபோனா.

"முட்டை போடேல்லை அக்கா" எண்டன். சொல்லவேண்டியது எவ்வளவு கிடக்க, மடைச்சி, அதைத்தான் முதல் சொன்னன். பிறகு, "நான் வந்திருக்கவேணும் அக்கா, பயந்துபோட்டன்" எண்டு சொல்லி, றோட்டில நிண்டு குழறி அழுதன். அவ இரண்டு கையாலயும் தட்டத்தை வாங்கிக்கொண்டு உள்ளுக்குப் போனா. கதவைப் பூட்டேல்லை.

வீட்டை வந்து அந்த ஆறு முட்டையையும் வெங்காயம் போட்டுப் பொரிச்சனான். தான் கண்டதுக்குள்ள இதுதான் திறமான நத்தார் எண்டார் என்ர மனிசன்.

தை பிறந்தது. வருசம் திரும்பாத வீட்டில பொங்கிறதில்லை, அதால தட்டத்தை நான் எதிர்பாக்கேல்லை. பொங்கலண்டு விடியப்பறம் படலை திறக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பாத்தன். அக்கா நிண்டா. கையில தட்டம். அதில பச்சையரிசி, வறுத்த பயறு, ஒரு துண்டு பனங்கட்டி, ஒரு முடித் தேங்காய். எல்லாம் சமைக்காமல் அப்படியே இருந்தது.

"எனக்குப் பொங்க ஏலாது" எண்டா. ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவ என்னோட கதைச்ச முதல் கதை அது. "நீ பொங்கு, தங்கச்சி. பால் எந்தப் பக்கம் வழியுது எண்டு நான் இஞ்சை நிண்டு பாக்கிறன்."