கன்னையாவின் நெற்றி விளக்கு

பேசத் தொடங்கியதுமே கன்னையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதிரில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவரோ வாசற்கதவிடம் பேசிக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்தான், ஆனாலும் எத்தனை நாள் ஒரு மனிதரின் இடது காதையே பார்த்துக்கொண்டிருப்பது?

கோலார் தங்கச் சுரங்கம் மூடும்வரை அங்கே வேலை செய்தவர். இப்போது ஆந்திர எல்லையில், நகரி என்ற ஊரில் மைத்துனரின் விசைத்தறிக் கூடத்தில் தறி பழுது பார்க்கிறார். தறிக்கு அடியில் புகுவதற்கும் பழைய சுரங்கத் தொப்பிதான், புத்தூருக்குப் பைக்கில் போவதற்கும் அதேதான். ஹெல்மெட் எங்கே என்று வழியில் நிறுத்திய போலீஸ்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரலாம் அல்லவா? தொப்பியின் வரலாற்றைத் தெலுங்கில் தொடங்கிவிட்டாராம். அதையே எனக்குத் தமிழில் பலமுறை சொல்லியிருக்கிறார்: "மொதல்ல துணித் தொப்பிதான் சார். களிமண்ண அப்பி, மெழுகுவத்தி நட்டுக்கினு எறங்குவாங்க. அப்பால கார்பைடு லைட்டு. கல்லு மேல தண்ணி சொட்டினா கேஸ் வந்து எரியும். அதுக்கப்பறம்தான் இடுப்புல பேட்டரி."

முகம் திருப்புவதும் அங்கே கற்றதுதான். தலையில் விளக்கு இருப்பவன் நேரே பார்த்தால் எதிராளிக்குக் கண் கூசும். இருட்டில் கால் இடறும். பக்கம் திரும்பிப் பேசுவதே சுரங்கத்து மரியாதை. "கண்ணாலம் ஆனதுலேர்ந்து என் மூஞ்சிய நேரா பாத்ததில்ல இந்த மனுசன்" என்று மனைவி இந்திராணி தலையில் அடித்துக்கொள்வார்.

சென்ற ஞாயிறன்று மகள் பிரித்திகாவைப் பெண் பார்க்க நாகலாபுரத்திலிருந்து வந்திருந்தார்கள். நானும் இருந்தேன். பிள்ளைக்கும் பெண்ணுக்கும் கல்லூரியிலேயே மனம் ஒத்துவிட்டது. பிள்ளையின் தாயார் மனோரமா இறங்கிவருவதற்காகவே இருவரும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். பெண் கொடுக்கச் சம்மதமா என்று அந்த அம்மாள் கேட்டார். கன்னையா சுவரைப் பார்த்து, சந்தோஷமாகக் கொடுக்கிறோம் என்றார். மரியாதை ஏற ஏற அவர் கழுத்தும் திரும்பும். மனோரமா மறுபடி கேட்டபோது அவர் பார்வை ஜன்னலுக்கே போய்விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்க மூஞ்சியப் பாக்கவே இஷ்டமில்லாதவங்ககிட்ட இன்னா பேசறது?" மனோரமா எழுந்து செருப்பைத் தேடினார்.

காபித் தட்டோடு நின்ற பிரித்திகாவின் கண்கள் நிரம்பிவிட்டன. தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தந்தையின் முன்னால் போய் நின்றாள்.

"நைனா, ஷிப்டு முடிஞ்சிபோச்சு. லைட்ட அணைச்சிட்டு அவங்களப் பாரு."

கன்னையாவின் கை மெல்ல நெற்றிக்குப் போனது. அங்கே இல்லாத விளக்கின் திருகை இரண்டு விரல்களால் திருகினார். பிறகு, வெளிச்சத்துக்கு வந்தவரைப் போல இமைகளைச் சுருக்கிக்கொண்டு, மனோரமாவின் முகத்தை நேராகப் பார்த்தார்.