சாக்பீஸ் விரலும் என் தொடுமேசையும்

ஆறு மாதமாக இந்த வலைப்பதிவில் நான் புலம்பிக்கொண்டிருக்கும் தொடுமேசையைப் பார்க்க இன்று நான் வேலை பார்க்கும் பள்ளியின் தலைமையாசிரியரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவருக்குப் பிடித்தால் அறிவியல் கண்காட்சிக்குப் போகும். பிடிக்காவிட்டால் பள்ளியின் வீடியோ கேமராவைத் திருப்பித் தர வேண்டும்.

அக்ரிலிக் பலகையின் ஓரமெல்லாம் அகச்சிவப்பு விளக்குகள், அடியில் கேமரா. எத்தனை விரல் பட்டாலும் அத்தனை புள்ளி டிவியில் தெரியும். காலையில் எனக்குத் தெரிந்தது.

வகுப்பிலிருந்து நேரே வந்தவர் ஐந்து விரலையும் வைத்தார்.

"என்னப்பா, ஒண்ணையும் காணோம்?"

குனிந்து பார்த்தேன். அவர் விரலெல்லாம் சாக்பீஸ் தூள். காய்ந்த விரல் பலகையில் ஒட்டாது; ஒட்டாவிட்டால் வெளிச்சம் சிதறிக் கேமராவுக்குப் போகாது. கையைக் கழுவுங்கள் என்று அவரிடம் யார் சொல்வது?

அவர் எழுந்தபோது என் மனைவி தட்டோடு வந்தாள். "வெறும் வயித்தோட போறீகளே சார், ரெண்டு பணியாரம் எடுத்துக்கிருங்க."

வேட்டியில் கையைத் துடைத்துவிட்டுச் சாப்பிட்டார். அந்த எண்ணெய்க் கையோடு மறுபடி தொட்டார். ஐந்து புள்ளியும் பளிச்!

"அடேயப்பா! கண்காட்சிக்குக் கொண்டாந்துரு. கலெக்டரையே முதல்ல தொடச் சொல்லுவோம்."

கலெக்டருக்குப் பணியாரம் பிடிக்குமா? யாருக்காவது தெரிந்தால் உடனே மெயில் போடுங்கள்.